பனி இல்லாத உலகில் பிறந்த கல்

அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெட்டிய சுவரை நெருங்கிப் பார்த்தால் கல்லைவிடச் சிப்பிதான் அதிகம் தெரியும். கல்லங்குறிச்சிப் படிவு என்று புவியியலாளர்கள் பெயரிட்ட அந்த அடுக்கில், கிரைஃபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகளும் இனோசெராமஸ் என்னும் பெரிய மட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழம் குறைந்த கடலில் வாழ்ந்து, அங்கேயே மடிந்து, அங்கேயே குவிந்த உயிர்கள் அவை. அந்தக் குவியலைத்தான் இன்று வெடிவைத்துப் பெயர்த்து, அரைத்து, 1,450 டிகிரி சூட்டில் சூளையிலிட்டு, சிமென்ட் மூட்டையாக லாரியில் ஏற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அரியலூர்க் கடலின் சிப்பி இருக்கிறது.

அந்தக் கல் பிறந்த காலத்தில் பூமியின் துருவங்களில் இன்றுள்ளதைப் போன்ற பெரும் பனிப்பாளங்கள் இல்லை. இன்றோ இருக்கும் பனி வேகமாகக் கரைகிறது. ஆர்க்டிக் கடலில் 1980களின் செப்டம்பர் மாதங்களில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் மிதந்த பனி, 2012 செப்டம்பரில் 34 லட்சமாகச் சுருங்கியது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடற்பனி 2023-ல் அதுவரை அளந்ததிலேயே மிகக் குறைந்த அளவுக்கு வந்தது. இதைக் கண்டு கலங்கிய அறிவியலாளர்களில் ஒரு சாரார், உமிழ்வைக் குறைக்கும் வரை காத்திருக்க நேரமில்லை, வானத்தில் நுண்தூள் தூவி வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பிப் பனியைக் காப்பாற்றுவோம் என்கிறார்கள். அதற்கு அவர்கள் பரிசீலித்த தூள்களில் ஒன்று கால்சியம் கார்பனேட். அரியலூர்க் கல்லும் அதேதான்.

அப்படிச் செய்வது நியாயமா? இந்தக் கல் பிறந்த கதையையும், அதை முதலில் வரைபடமாக்கிய மனிதரின் கதையையும் ஒழுங்காகச் சொன்னால் விடைக்கு வழி தெரியும் என்று நம்புகிறேன்.

கதை அண்டார்க்டிகாவில் தொடங்குகிறது. 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவின் கிழக்குக் கரை என்று ஒன்று கிடையாது. இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்னும் ஒரே நிலத்தில் ஒட்டிக் கிடந்தன. நிலம் பிளந்து அண்டார்க்டிகா ஒரு பக்கமும் இந்தியா ஒரு பக்கமும் விலகத் தொடங்கியபோது, விரிசல் விழுந்த பள்ளங்களில் ஒன்று காவிரிப் படுகை ஆயிற்று. அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. அதன் கரை இன்றைய பெரம்பலூர் வரை எட்டியது. ஆலத்தூர் வட்டத்துக் காரை, குளக்கானத்தம் பக்கம் மழை அரித்த செம்மண், களிமண் மேடுகளில் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் கிடைக்கும் பெலம்னைட்டுகளும், சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் அந்தக் கடலின் உயிர்கள். இன்றைய கணவாய்க்குத் தூரத்து உறவினர். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமும் அந்தக் கடலுக்கு ஆறு கொண்டுவந்து சேர்த்த மரம்தான். 1940-ல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டு சொன்னார்.

கடல் ஒருமுறை வந்து நின்றுவிடவில்லை. ஊட்டத்தூர், கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் என்று நம் கிராமங்களின் பெயர்களையே புவியியலாளர்கள் படிவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கடல் ஏறியதற்கோ இறங்கியதற்கோ சாட்சி. ஆண்ட்ரூ கேல் முதலானோர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்தப் பகுதியின் செனோமேனியன் என்னும் புவியியல் காலப் படிவுகளை வடமேற்கு ஐரோப்பாவின் படிவுகளோடு அடுக்கடுக்காக ஒப்பிட்டது. அங்கே கடல் ஏறியபோது இங்கேயும் ஏறியிருந்தது. அங்கே இறங்கியபோது இங்கேயும். ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுக்கு ஒரு சுற்று. பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் மாற்றத்தோடு அது ஒத்துப்போயிற்று. அந்த வெப்ப உலகிலும் அண்டார்க்டிக் மலைகளில் சிறிதளவு பனி கட்டிக் கரைந்ததா என்ற விவாதத்தில், பெரம்பலூர் மண்ணும் இப்படி ஒரு சான்றாக நிற்கிறது.

துருவம் அப்போது எப்படி இருந்தது என்பதற்கு இன்னொரு சான்று கடலடியிலிருந்து வந்தது. 2017-ல் ஜெர்மனியின் ஆய்வுக் கப்பல் போலார்ஸ்டெர்ன், மேற்கு அண்டார்க்டிகாவின் அமுண்ட்சன் கடலில் துளையிட்டு ஒரு மண் தூணை வெளியே எடுத்தது. உள்ளே வேர்கள் பின்னிக் கிடந்தன. மகரந்தமும் வித்துத்தூளும் இருந்தன. ஜோஹான் கிளாகெஸ் குழுவினர் 2020-ல் வெளியிட்ட முடிவுப்படி அது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மழைக்காட்டு மண். தென் துருவத்திலிருந்து 900 கிலோமீட்டர் தொலைவில், ஆண்டில் நான்கு மாதம் சூரியனே தெரியாத இடத்தில், காடு வளர்ந்திருக்கிறது. அதற்குக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 1,120 முதல் 1,680 பங்கு வரை இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். தொழிற்புரட்சிக்கு முன் அது 280 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தத் துளையிட்ட இடம், கடல்மட்டத்தை உயர்த்தும் என்று உலகமே இன்று அஞ்சும் த்வெய்ட்ஸ் பனியாறு இருக்கும் அதே பகுதி.

அந்த வாயு எங்கே போயிற்று? ஒரு பகுதி அரியலூரில் இருக்கிறது. மழைநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பாறையைக் கரைக்கிறது. கரைந்தது ஆற்றோடு கடலுக்குப் போகிறது. சிப்பியும் மட்டியும் நுண்பாசியும் அதிலிருந்து ஓடு கட்டுகின்றன. ஓடு குவிந்து கல்லாகிறது. இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகளில் காற்றில் இருந்த கரி பாறைக்குள் இறங்கிப் பூட்டப்படுகிறது. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லுக்குள் 440 கிலோ கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. காற்றில் அது குறையக் குறையப் பூமி குளிர்ந்தது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவில் நிலையான பனிப்பாளம் உருவாயிற்று. கடல் பின்வாங்கி, கரை வெகு கிழக்கே போய்விட்டது.

ஆக, பனி இல்லாமல் பூமி இருக்க முடியாது என்பது பொய். இருந்திருக்கிறது, சிப்பியும் அம்மோனைட்டும் செழித்திருக்கின்றன. ஆனால் அந்த உலகில் மேட்டூர் அணையும் இல்லை, நாகப்பட்டினமும் இல்லை, ஆடியில் விதைத்துத் தையில் அறுக்கும் குடும்பமும் இல்லை. கோடி ஆண்டுகளில் நடந்த மாற்றத்தை நாம் இருநூறு ஆண்டுகளில் திருப்பிக்கொண்டிருக்கிறோம். என் கவலை எல்லாம் அந்த வேகத்தைப் பற்றியது.

இனி அந்த மனிதர். 1840களில் சென்னை மாகாண அதிகாரிகள் கேயும் கன்லிஃபும் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களில் பொறுக்கிய சிப்பிகளை லண்டனுக்கு அனுப்ப, இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை 1846-ல் விவரித்தார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிலிருந்து வந்தவர் ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்ட். அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று இந்தப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து வரைபடமாக்கியவர் அவர்தான். நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பிரிவு அடிப்படையில் மாறவில்லை. அவரது குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் தொல்லுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியப் புதைபடிவங்களைப் பற்றிய பெருந்தொகுதிகளை எழுதினார்.

பிளான்ஃபோர்டை இங்கே நினைக்கக் காரணம் அவரது பிற்பாதி வாழ்க்கை. அவர் பாறையை விட்டு வானத்துக்கு மாறினார். 1875-ல் இந்திய வானிலைத் துறை தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவர். அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மழை பொய்க்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல வழி உண்டா என்ற கேள்வி அவருடைய வேலை ஆயிற்று. 1884-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இமயமலையில் பனி அதிகமாகவும் நெடுநாளும் கிடக்கும் ஆண்டுகளில், அடுத்து வரும் பருவமழை தளர்கிறது என்பது அதன் சாரம். பனி நிலத்தைச் சூடேற விடாது. நிலம் சூடேறாவிட்டால் கடற்காற்றை உள்ளே இழுக்கும் வலு குறையும். பருவமழையை முன்கணிக்கும் உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று அதிலிருந்து பிறந்தது.

அரியலூர்க் கல்லை வகைப்படுத்திய அதே கை, வடக்கே பனி கூடினால் நமக்கு மழை குறையலாம் என்று எழுதி வைத்தது. துருவப் பனியைச் செயற்கையாகக் காப்பாற்றும் திட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1884 கட்டுரைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

தூள் தூவும் யோசனை பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1974-ல் ரஷ்ய அறிவியலாளர் மிகயில் புதிக்கோ, எரிமலைகளைப்போல நாமும் வானில் கந்தகம் சேர்த்தால் பூமியைக் குளிர்விக்கலாம் என்றார். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்து, அடுக்குமண்டலத்துக்குச் சுமார் 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை ஏற்றியபோது, அடுத்த ஆண்டு உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்தது. நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் இதைத் தீவிரமாக ஆராய வேண்டும் என்று 2006-ல் எழுதியபின், அதுவரை பேசத் தயங்கியவர்களும் பேசத் தொடங்கினார்கள். கந்தகம் ஓசோன் படலத்தை அரிக்கும் என்ற அச்சத்தால், 2016-ல் டேவிட் கீத், ஃபிராங்க் கோய்ட்ச் முதலான ஹார்வர்டு குழுவினர் கால்சைட்டை, அதாவது சுண்ணாம்புக்கல்லின் கனிமத்தை, மாற்றாக முன்வைத்தார்கள். ஸ்கோபெக்ஸ் என்ற அவர்களது திட்டத்தில் பலூன் ஒன்று 20 கிலோமீட்டர் உயரம் சென்று, இரண்டு கிலோவுக்கு மிகாத தூளை வெளியிட்டு, என்ன நடக்கிறது என்று அளக்க வேண்டும். 2021-ல் ஸ்வீடனின் கிருனாவிலிருந்து தூள் இல்லாமல் வெறும் கருவியைப் பறக்கவிட்டுப் பார்க்க நினைத்தார்கள். அந்த நிலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்களின் பேரவை, எங்களைக் கேட்டீர்களா என்று எதிர்த்தது. பறப்பு நின்றது. 2024 மார்ச்சில் திட்டமே கைவிடப்பட்டது.

இரண்டு கிலோ தூள் ஒரு ஊரின் வானத்தை எதுவும் செய்திருக்காது. ஆனாலும் சாமி மக்கள் கேட்டது சரியான கேள்வி என்றே கருதுகிறேன். அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்கும் உரிமை பருவமழையை நம்பி வாழ்பவர்களுக்கு உண்டு. காரணம் வெறும் உணர்ச்சி அல்ல, கணக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கோவிந்தசாமி பாலா இந்தத் துறையில் உலகின் முன்னோடிகளில் ஒருவர். சூரிய ஒளியைக் குறைத்தால் என்ன ஆகும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே கென் கால்டெய்ராவோடு சேர்ந்து கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தவர். அவரும் ஆதித்ய நாலம், அங்ஷுமான் மோதக் ஆகியோரும் செய்த ஆய்வு ஆர்க்டிக்கை மட்டும் குளிர்வித்தால் பருவமழைக்கு என்ன நேரும் என்று பார்த்தது. வட பாதி குளிர்ந்தால், வெப்பமண்டலத்தில் மழை மேகம் திரளும் பட்டை தெற்கே நகர்கிறது. இந்தியாவின் பருவமழை குறைகிறது. தென் பாதியிலும் ஈடாகக் குளிர்வித்தால்தான் அந்த நகர்வைத் தடுக்க முடியும். பிளான்ஃபோர்ட் இமயப் பனியில் கண்டதற்கும் இதற்கும் இயங்குமுறை வேறு என்றாலும், வடக்கின் குளிருக்கு நம் மழை விலை கொடுக்கிறது என்ற முடிவு ஒன்றுதான்.

இயற்கையே இதை ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறது. 1783 ஜூனில் ஐஸ்லாந்தின் லாகி எரிமலை பிளந்து எட்டு மாதம் கந்தகத்தைக் கக்கியது. ஆர்க்டிக்கை ஒட்டிய வானத்தில் தூள் பரவியது. அதன்பின் பருவமழை தளர்ந்து, நைல் நதியின் வெள்ளம் மிகவும் தாழ்ந்து எகிப்து பஞ்சத்தில் விழுந்தது.

அரியலூருக்கு இது தொலைவான செய்தி அல்ல. திருமானூர் வட்டாரத்து நெல்லுக்குக் கொள்ளிடத்திலும் புள்ளம்பாடி வாய்க்காலிலும் வரும் தண்ணீர், குடகு மலையில் ஆடி மாதம் பெய்யும் மழையிலிருந்து மேட்டூர் வழியாக வருகிறது. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரி நிறைவதும் இந்த மழைகளால்தான். பெரம்பலூரின் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் மானாவாரி. தென்மேற்கில் விதைத்து வடகிழக்கில் காய்க்க வேண்டிய பயிர். மழை பத்து நாள் தள்ளினாலே கடன் கூடும் நிலம் அது. அந்த விவசாயியின் மழையில் கை வைக்கும் முடிவு எங்கோ ஒரு தலைநகரத்தில் எடுக்கப்பட்டால், பொய்த்த மழைக்கு யார் பொறுப்பு? அது திட்டத்தால் வந்ததா, இயல்பாக வந்ததா என்று எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது?

இந்தியா இப்படி ஒரு தலையீட்டில் தானே கை நனைத்ததும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. 2009 ஜனவரியில் அதே போலார்ஸ்டெர்ன் கப்பல் கேப் டவுனிலிருந்து புறப்பட்டது. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெக்னர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனை அது. வாஜித் நக்வியும் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை தாங்கினார்கள். கப்பலில் இருந்த அறிவியலாளர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தென் கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட் கரைசலைக் கலந்து, நுண்பாசியைப் பெருக்கி, அது உறிஞ்சும் கரியை ஆழத்துக்கு இறக்க முடியுமா என்று பார்த்தார்கள். அரியலூர்க் கடல் லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்ததைச் சில வாரத்தில் செய்து பார்க்கும் முயற்சி. முந்தைய ஆண்டு பான் நகரில் பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் இத்தகைய சோதனைகளுக்குத் தடை கோரியிருந்ததால் ஜெர்மனியில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள் நிறுத்திவைத்துத்தான் அனுமதித்தார்கள்.

பாசி பெருகியது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா போதாததால், கனத்து மூழ்கும் டயட்டம் பாசிகள் வளரவில்லை. வளர்ந்த மென்பாசியைக் கோபிபாட் என்னும் சிறு கடல்விலங்குகள் மேய்ந்துவிட்டன. கரி மிகச் சிறிதளவே கீழே இறங்கியது. நம்பியவர்களுக்கே சாதகமில்லாத இந்த முடிவை அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். கடல் என்பது இரும்பு போட்டால் இத்தனை கரி என்று கணக்குப் போடும் இடமல்ல என்று அது செலவு குறைவாகவே நமக்குக் காட்டிவிட்டது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பனி கரைவதும் நம் மழையைச் சும்மா விடவில்லை. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் கடலாய்வு மையத்தினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடையில் பனி குறைவதற்கும், செப்டம்பரில் இந்தியாவில் கொட்டும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறது. கிரீன்லாந்துப் பனி முழுதும் கரைந்தால் கடல் 7 மீட்டருக்கு மேல் உயரும். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு தலையீடுதான். அதை நாம் இருநூறு ஆண்டாகச் செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெங்களூரில் நடப்பதைப்போல நம் மழையை மையமாக வைத்த ஆராய்ச்சி இன்னும் பல மடங்கு வேண்டும்.

ஆனால் தூவத் தொடங்குவது வேறு. தூள் ஓரிரு ஆண்டில் விழுந்துவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும். வாயுவைக் குறைக்காமல் தூளை நம்பினால் தலைமுறை தலைமுறையாகத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். போரோ பணமுடையோ வந்து நின்றுபோனால், அடக்கி வைத்த வெப்பம் முழுதும் சில ஆண்டுகளில் பாயும். இதை ஆள ஓர் உலக அமைப்பும் இல்லை. 2024-ல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் இதைப் பற்றிய ஒரு தீர்மானம்கூட ஒப்புதல் பெறாமல் திரும்பப் பெறப்பட்டது. மெக்சிகோவில் ஒரு சிறு அமெரிக்க நிறுவனம் யாரையும் கேட்காமல் பலூன் விட்டதும், 2023-ல் அந்நாடு தடை அறிவித்ததும் இந்த வெற்றிடத்தில் நடந்தவை. பனியாற்றின் முன் கடலடியில் திரை கட்டுவது, கடற்பனிமேல் நீரிறைத்துத் தடிக்க வைப்பது உள்ளிட்ட ஐந்து துருவத் திட்டங்களை மார்ட்டின் சீகெர்ட் தலைமையிலான குழு 2025-ல் ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, தேவையான அளவில், தேவையான காலத்துக்குள் எதுவும் நிறைவேறாது என்றது. பனி கரையும் வேகம் அவசரத்தைக் காட்டுகிறது; அந்த அவசரம் இந்தத் தூளுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

அவசரமாகச் செய்ய வேண்டிய தலையீடு அரியலூரிலேயே இருக்கிறது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏழெட்டு விழுக்காடு சிமென்டால் வருகிறது. அதில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதில்லை. கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டு பூட்டியிருந்த வாயு சூளையில் விடுபடுவதால் வருகிறது. நிலக்கரியை நிறுத்திச் சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் இந்தப் பகுதி நிற்காது. கல்லைச் சுடுவதைக் குறைத்தால்தான் குறையும். அதற்கும் வழி பிறந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய அறிவியலாளர் கேரன் ஸ்கிரிவ்னரோடு ஐ.ஐ.டி. டெல்லியும் ஐ.ஐ.டி. சென்னையும் சேர்ந்து உருவாக்கிய எல்.சி.3 என்னும் சிமென்டில், கல்லைச் சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கர் பாதியளவுதான். மீதிக்குச் சுமார் 800 டிகிரியில் சுட்ட களிமண்ணும், சுடாமல் அப்படியே அரைத்த சுண்ணாம்புக்கல்லும் போகின்றன. உமிழ்வு சுமார் 40 விழுக்காடு வரை குறைகிறது. கிளிங்கருக்குத் தேறாத தரம் குறைந்த கல்லும் இதில் பயன்படும். 2023-ல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. இனி வேண்டியது அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் இதைக் கட்டாயமாக்கும் ஆணையும், அரியலூர் ஆலைகளில் களிமண் சுடும் சூளைகளும். அரியலூரில் அரசுக்கே ஒரு சிமென்ட் ஆலை இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.